நாட்டுத் தேன்பழம்

மரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு முதல் நாளே ஒரு தொப்பி கொடுத்திருப்பார்கள். வெயிலுக்கு என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். மதுரை வெயிலைத் தொப்பி தடுக்கும் என்று நம்புகிற வயது உங்களுக்கு. அது பறவை எச்சத்துக்கு. மரத்தை அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம். மேலதிகாரி பேசும்போதும் அப்படியே மூடிக்கொள்ளச் சொல்வார்கள். அந்த இரண்டாவது பாடத்தில் நான் தேறவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

குழி எவ்வளவு ஆழம், எரு எவ்வளவு, கிளையை எந்தக் கணுவில் கழிப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும் மரம் வளர்ந்துவிடும். நம்மை நம்பி எந்த மரமும் பிறப்பதில்லை.

நான் மேற்பார்வையாளராக இருந்தது தல்லாகுளத்துப் பக்கம் ஓர் அலுவலக வளாகத்தில். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவள் நான். வாசலை ஒட்டி மதிலோரம் ஒரு மரம் நின்றது. நாற்றுப் பண்ணைக்காரர்கள் அதைச் சிங்கப்பூர் செர்ரி என்பார்கள். சிங்கப்பூர் அதன் ஊரும் இல்லை, செர்ரி அதற்குச் சொந்தமும் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்த மரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது தேன்பழ மரம். வருஷம் முழுக்கக் காய்க்கும். சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிவப்புப் பழம், உள்ளே மணல் மணலாக விதை. குயில், மைனா, கொண்டைக்குருவி, கிளி என்று ஊரில் இறக்கை முளைத்த எல்லாம் அங்கேதான் பந்தியில் உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியாவது ஒரு நேரத்தில் முடியும். இது முடியாது. அந்த மரத்தை யாரும் நடவும் இல்லை. ஏதோ ஒரு பறவை எங்கேயோ தின்றுவிட்டு வந்து மதில் விரிசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மரத்தடியில் மும்தாஜ் அக்காவின் இஸ்திரி வண்டி. தலைக்கு மேல் தார்ப்பாய் ஒன்றைக் கட்டியிருப்பார், எச்சம் துணியில் விழாமல் இருக்க. காலையில் கரியைப் பற்றவைக்கும்போது பறவைகளைத் திட்ட ஆரம்பித்தால் சாயங்காலம் கரியை அணைக்கும்போதுதான் நிறுத்துவார்.

"முன்னால கரிச் சூடு, பின்னால ரோட்டுச் சூடு. மேல ஒரு பக்கம்தேன் மேடம் அல்லா நிழல் குடுத்திருக்கான். அதுலயும் இந்த மூதேவி மைனாவுக்குப் பங்கு!" என்பார்.

திட்டுவாரே தவிர, அந்த மரத்தில் யாராவது கிளை ஒடித்தால் இஸ்திரிப் பெட்டியோடு ஓடி வருவார். கத்திரி வெயிலில் அந்த நிழல் இல்லாமல் கரிப்பெட்டி முன்னால் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. வளாகத்தைச் சுற்றி இடம் நிறைய இருந்தது, நிழல் அந்த ஒன்றுதான்.

எங்கள் அதிகாரியின் சட்டைகள் அங்கேதான் தேய்க்கப்படும். அவர் வெள்ளைச் சட்டைதான் போடுவார். நல்லவர்தான். தமிழ்ப்பற்று உள்ளவர். அந்தப் பற்றை அவர் மரங்கள் மேல்தான் காட்டினார். வளாகத்தில் இருந்த அத்தனை மரத்துக்கும் தூய தமிழில் பெயர்ப்பலகை எழுதி மாட்டினார். வளாகத்துக்குள்ளேயே இருந்த குடியிருப்பில் அவர் வீட்டுப் பின்புறம் ஒரு சப்போட்டா மரம் இருந்தது. பிள்ளை மாதிரி வளர்த்தார். கிளி கடிக்காமல் இருக்க வலை போட்டிருந்தார், அணிலுக்குப் பயந்து தண்டில் தகரம் சுற்றியிருந்தார். அதற்கும் ஒரு பலகை. சப்போட்டா என்று எழுதினால் தமிழ் என்ன ஆவது? அகராதியில் தேடிப் பிடித்து 'சீமை இலுப்பை' என்று எழுதினார். தேன்பழ மரத்துக்கு மட்டும் பலகை இல்லை. தானாக முளைத்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஒருநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, இன்னொரு சட்டையை வாங்க வண்டியருகே போய் நின்றார். தார்ப்பாய்க்கு வெளியே அவர் தோள் கொஞ்சம் நீண்டிருந்தது. மேலே ஒரு மைனா வேலையை முடித்தது.

அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு நாட்டுப்பற்று வந்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டார். "மேடம், இந்த அந்நிய மரங்கள் நம்ம மண்ணைக் கெடுக்குது, தெரியுமா? நம்ம நாட்டு மரம் வளரவிடாம அடிக்குது. பறவைங்க பழத்தைத் தின்னு ஊர் பூராம் பரப்புதுங்க. உடனே எடுக்கணும்."

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம். அந்த மரம் பரவுகிற மரம்தான். எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயிலேயே நாலைந்து முளைத்திருந்தது. ஆனால் அவர் அவ்வளவு வருஷமாக அதன் அடியில் போய் வந்தவர், மண் கெட்டபோதெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு, சட்டை கெட்டதும் பேசினார். தப்பான காரணத்துக்காக ஒருவர் சரியான விஷயத்தைச் சொன்னால் அவரோடு சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம். உங்களுக்கு இது அடிக்கடி வரும், தயாராக இருங்கள்.

"எடுக்கலாம் சார். அதுக்கு முன்னால பக்கத்துல ஒரு புங்கன் வச்சு, அது நிழல் குடுக்க ஆரம்பிச்சதும் எடுப்போம்" என்றேன்.

"இஸ்திரி வண்டிக்கு நிழல் பாக்குறதுக்கா மேடம் கவர்மெண்டு நமக்குச் சம்பளம் குடுக்குது?" என்றார்.

உத்தரவு தயாரானது. 'வெளிநாட்டு மரங்கள்' என்று கிளார்க் எழுதிக் கொண்டுவந்ததை அவர் அடித்துவிட்டு, 'சீமை மரங்கள்' என்று தன் கையால் மாற்றினார். வெளிநாடு என்றால் சுவையாக இல்லையாம். 'வளாகத்தில் உள்ள சீமை மரங்களை மட்டும் அகற்றவும். நாட்டு மரங்களைத் தொடக் கூடாது.' இதுதான் உத்தரவு. அவர் மனதில் இருந்தது தேன்பழ மரமும், பின்பக்கம் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலமும். எழுத்தில் இருந்தது சீமை.

வெட்டு நாளன்று என்னை அழகர்கோவில் சாலைப் பண்ணைக்குக் கன்று எடுக்க அனுப்பிவிட்டார். ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆட்களுக்கு ராசு அண்ணன் மேஸ்திரி. ஒழுங்கான மனிதர், தாளில் என்ன இருக்கிறதோ அதைச் செய்வார், அதற்கு மேல் ஒரு இலையைக்கூடக் கிள்ள மாட்டார். முதலில் சீமைக்கருவேலத்தை வெட்டினார்கள். பிறகு வரிசையாகப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார்கள். தூங்குமூஞ்சி மரம்: அதுவும் கடல் தாண்டி வந்ததுதான், ஆனால் பெயரில் சீமை இல்லை, தப்பித்தது. கொடுக்காப்புளி: அதன் பூர்வீகத்தைச் சொன்னால் மதுரைக்காரர்கள் என்னை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார்கள், அதுவும் தப்பித்தது. அப்படியே நடந்து அதிகாரி வீட்டுக்குப் பின்னால் போனார்கள். பலகையில் கொட்டை எழுத்தில் 'சீமை இலுப்பை' என்று இருந்தது.

தகரத்தைக் கழற்றி, வலையை மடித்துப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு, வெட்டிச் சாய்த்துவிட்டார்கள்.

கடைசியாகத் தேன்பழ மரத்துக்கு வந்திருக்கிறார்கள். பலகை இல்லை. ராசு அண்ணன் மும்தாஜ் அக்காவைக் கேட்டிருக்கிறார். "யக்கா, இது சீமையா, நாடா?"

அந்தம்மா காலையிலிருந்து ரம்பச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பயந்துபோய் நின்றவர். என்ன நடக்கிறது என்பது அதற்குள் புரிந்திருந்தது. "இது நாடுதேன், வேறென்ன? எழுதிப்போடாதது ஒரு குத்தமா?" என்று சொல்லிவிட்டு, சட்டைக்குள் வைக்கிற அட்டை ஒன்றை எடுத்துக் கரித்துண்டால் 'நாட்டுத் தேன்பழம்' என்று எழுதி மரத்தில் தொங்கவிட்டுவிட்டார். ராசு அண்ணன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ரம்பத்தை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் திரும்பி வந்தபோது அதிகாரி சாய்ந்து கிடந்த சப்போட்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, முகத்தைத் திருப்பி மறைத்துக்கொண்டேன். ஆனால் மனிதர் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பிஞ்சும் காயுமாகக் கிடந்தது மரம். கிளிகள் அதற்குள் வந்து இறங்கிவிட்டிருந்தன. வலை இல்லாத சப்போட்டாவை அவை அன்றுதான் பார்க்கின்றன.

"யாருய்யா இதைச் சீமைன்னு சொன்னது?" என்று கத்தினார்.

ராசு அண்ணன் பணிவாகப் பலகையைக் காட்டினார். "நீங்கதேன் சார்."

தேன்பழ மரத்தை மறுநாளே வெட்டியிருப்பார்தான். ஆனால் இரண்டாவது உத்தரவு போட்டால் முதல் உத்தரவில் எதை வெட்டினீர்கள் என்று மேலே இருந்து கேட்பார்கள். தன் வீட்டு மரத்தைத் தன் பலகையை நம்பித் தானே வெட்டிக்கொண்டதாகக் கோப்பில் எழுத எந்த அதிகாரிக்கு மனசு வரும்? பேசாமல் விட்டுவிட்டார். கோபத்தை மட்டும் விடவில்லை. கொஞ்ச நாளில் என்னைத் திருவாதவூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். நான் சிரித்ததை யாரோ பார்த்திருக்க வேண்டும்.

அங்கே கரையோரம், வாய்க்கால் ஓரம் எல்லாம் தேன்பழக் கன்றுகள் தலைகாட்டின. யாரும் நடாதவை. பக்கத்து வயல்காரர் ஒருவர், பெரியசாமி அண்ணன், பிடுங்கிப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார்.

"இதையும் நீங்கதேன் நட்டீகளா?" என்று கேட்டார்.

"நாங்க இல்லண்ணே. பறவைக."

"ஆமா, பறவைக. ஊருக்குள்ள நிழலுக்குன்னு நீங்க வளக்குறீக. தின்னுட்டு இங்கன வந்து பேலுது. புடுங்குறது மட்டும் நாங்க. இம்புட்டு வேலையையும் ஒரு மைனா பாக்குது, ஒங்க ஆபீசுல எம்புட்டுப் பேரு இருக்கீக?"

நானும் குனிந்து நாலு கன்றைப் பிடுங்கி எறிந்தேன். அவர் சொன்னது மட்டும் மனதில் தங்கிவிட்டது.

நான் இல்லாத சமயத்தில் தல்லாகுளத்தில் நாட்டு மரத் திருவிழா நடந்திருக்கிறது. அலுவலக முகப்பில் அதிகாரி தன் கையால் ஒரு நாவல் கன்றை நட்டு, இரும்புக் கூண்டு போட்டு, 'நாட்டு நாவல்' என்று பலகை மாட்டி, படம் எடுத்து, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். எல்லோரும் கை கூப்பியிருக்கிறார்கள். பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை, தண்ணீர் ஊற்றுகிற ஆளைத் தவிர. அவர் வேலை ஊற்றுவது, பார்ப்பது இல்லை.

கூண்டின் விளிம்பு பறவைகளுக்கு நல்ல இருக்கை. மைனாக்கள் மதிலோரம் பழம் தின்றுவிட்டு இங்கே வந்து உட்காரும், அலகைத் துடைக்கும், போட வேண்டியதைப் போடும். அப்படித்தான் கூண்டுக்குள் ஒரு தேன்பழக் கன்று முளைத்தது. நாவல் நிதானமான மரம், தாசில்தார் ஆபீஸ் கோப்பு மாதிரி நகரும். தேன்பழம் அப்படி இல்லை. நாவலுக்கு ஊற்றிய தண்ணீரையெல்லாம் குடித்துக் கூண்டைத் தாண்டி, ஆள் உயரத்தையும் தாண்டிக் குடை விரித்துவிட்டது.

சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது எல்லோரும் கூண்டைச் சுற்றி நின்றார்கள். பெரியவர் வியந்து போயிருந்தார்.

"நாவலா இது? இவ்வளவு சீக்கிரமா? பிரமாதம்!" என்று ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். "இனிப்பா இருக்கே! ஆனா நாவல்பழம் கறுப்பா இல்ல இருக்கும்?"

"நாட்டு நாவல் சார். முதல்ல சிவப்பாத்தான் காய்க்கும்" என்றார் எங்கள் அதிகாரி. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. மதிலோரத்தில் அதே மரம் நிற்கிறது. அவர் ஒருநாளும் அந்த மரத்தைப் பார்த்ததில்லை, தன் சட்டையை மட்டும்தான் பார்த்தார்.

"அப்ப இதுதான் நமக்கு வேணும். நகரம் பூரா, கண்மாய்க் கரை பூரா இந்த நாட்டு மரத்தையே நடுங்க. இந்த மழைக்கே ஆரம்பிங்க" என்றார் பெரியவர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். வாசல் பக்கம் பார்த்தேன். மும்தாஜ் அக்கா பெட்டியை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் இந்த மரம் எது என்பது தெரிந்துவிடும், பிறகு அவர் தலைக்கு மேல் இருக்கிற மரமும் போகும். திறக்காவிட்டால் கண்மாய்க் கரை முழுக்க நம் கையாலேயே இதை நடுவோம், பெரியசாமி அண்ணன் பிடுங்கிக்கொண்டிருப்பார். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. பயமாகவும் இருந்தது.

"சார், இது நாவல் இல்ல" என்றேன். கிளைகளை விலக்கிக் காட்டினேன். உள்ளே முழங்கால் உயரத்துக்கு நாவல் நின்றது, வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல்.

பெரியவர் வாயில் இருந்த பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு கேட்டார்: "அப்ப இதை நட்டது யாரு?"

"மைனா சார்."

"மைனாவா? எந்த செக்‌ஷன்? வரச் சொல்லுங்க அந்தம்மாவை."

யாரோ இருமினார்கள். "பறவை சார்" என்றேன். அவர் முகம் சிவந்தது. அவமானப்பட்டவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து எதையாவது வெட்டியாக வேண்டும் என்கிற நிலைமை வந்துவிட்டது. தாய்மரம் எங்கே என்று கேட்டார். நான் சொல்லவில்லை. எங்கள் அதிகாரியின் விரல் வாசல் பக்கம் நீண்டது. அன்றுதான் அவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

நான் விடாமல் சொல்லிப் பார்த்தேன். கூண்டுக்குள் இருப்பதை இப்போதே நான் பிடுங்கிவிடுகிறேன், மதிலோரத்து மரத்தில் கூடு இருக்கிறது, குஞ்சு பறக்கட்டும், பக்கத்தில் புங்கன் வைப்போம், அது நிழல் கொடுத்ததும் எடுப்போம். எல்லாவற்றையும் கேட்டார்கள். பெரியவரின் வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் ரம்பம் வந்துவிட்டது. அரசாங்கத்தில் வேகமே இல்லை என்று சொல்கிறவர்கள் அன்று வந்து பார்த்திருக்க வேண்டும்.

மரம் விழுந்த பிறகும் மைனாக்கள் அந்த வெற்றிடத்துக்கே வந்து, உட்காரக் கிளை இல்லாமல் சுற்றிவிட்டுக் கேபிள் கம்பியில் போய் உட்கார்ந்தன. நொறுங்கிக் கிடந்த கூட்டைச் சுற்றி இரண்டு கொண்டைக்குருவிகள் கத்திக்கொண்டே இருந்தன. அதை என்னால் பார்க்க முடியவில்லை. மும்தாஜ் அக்கா தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். கட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"உண்மையைப் பேசிட்டீக மேடம். ரொம்பச் சந்தோசம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "பேசுனது நீங்க. வெயில்ல நிக்கப்போறது நானு."

தம்பி தங்கைகளே, உண்மையைச் சொல்லுங்கள் என்று உங்களுக்கு எல்லோரும் உபதேசம் செய்வார்கள். நானும் செய்கிறேன். ஆனால் சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நான் அன்று போய்விட்டேன். சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கண்மாய்க்குப் போகாமல், ஒரு புங்கன் கன்றை எடுத்துக்கொண்டு தல்லாகுளத்துக்கே போனேன். வாசலிலேயே வாட்ச்மேன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், வந்து பாருங்க. அந்த இஸ்திரி அக்கா அழும்பு பண்ணுது."

போய்ப் பார்த்தேன். அதிகாரியின் கார் நிற்கும் போர்ட்டிகோவுக்குள் இஸ்திரி வண்டி நின்றது. கான்கிரீட் கூரை, பளிங்குத் தரை, நல்ல குளுமை. மும்தாஜ் அக்கா கரியை விசிறிக்கொண்டிருந்தார். கார் வெளியே வெயிலில் நின்றது.

"மரத்தை வெட்டுனது ஆபீசு. நெழலையும் ஆபீசுதேன் குடுக்கணும்" என்றார். "நான் ஓரமாத்தேன் நிக்கிறேன். காரு உள்ள வரணும்னா வரட்டும், கரி பட்டா நான் பொறுப்பில்ல."

"வெரட்டவா மேடம்?" என்றார் வாட்ச்மேன்.

எனக்கு அந்த நேரத்தில் மூளை நன்றாக வேலை செய்தது என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. "வெரட்டச் சொல்லி உத்தரவு இருக்கா? எழுத்துல வாங்கிட்டு வாங்க. இஸ்திரி வண்டின்னு சுருக்கமா போடாம, எந்த வண்டி, எதுக்காக வந்துச்சு, மொதல்ல எங்க இருந்துச்சு, அங்கிட்டு இருந்து ஏன் வந்துச்சுன்னு வெவரமா எழுதச் சொல்லுங்க" என்றேன்.

அதிகாரி மாடியிலிருந்து இறங்கி வந்தார். வண்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யார் பெர்மிஷன் குடுத்தது?"

"நாந்தேன் சார்" என்றேன். "புங்கன் நிழல் குடுக்குற வரைக்கும். கன்னு இன்னைக்கே நட்டுர்றேன்."

அவர் எழுதப் பேனாவைத் தேடினார். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தார், கொஞ்சம் யோசித்தார், திரும்பச் சொருகிக்கொண்டு மேலே போய்விட்டார். சப்போட்டாவுக்குப் பிறகு மனிதருக்கு எழுத்தின் மேல் ஒரு பயம்.

நான் புங்கன் குழிக்கு மண்வெட்டி எடுக்கப் போனேன். பின்னாலிருந்து மும்தாஜ் அக்கா கூப்பிட்டார். நேற்றைய கோபம் குரலில் பாதிதான் இருந்தது.

"மேடம், அந்தத் தூணுல ஒரு பிளக் பாயிண்ட் இருக்கே, கரண்டுப் பெட்டி மாட்டுனா அது வேலை செய்யுமா?"

செய்யும் என்று தலையாட்டினேன். வாயைத் திறக்கவில்லை.